பாறைக்கு ஒரு நிறம்

சித்திரை வெயிலில் அந்தப் பாறை, அடுப்பில் போட்டு மறந்துவிட்ட தோசைக்கல்லைப் போலக் கறுத்துக் கிடந்தது. மலையின் உச்சியில், மரங்கள் சட்டென்று நின்றுவிடும் இடத்தில் தொடங்கி, தெற்கே பள்ளம்வரை அது சரிந்து இறங்கும். அதன் மேல் நாங்கள் ஐந்து பேர் குடை பிடித்து நின்றிருந்தோம். என் ஆராய்ச்சியைப் பார்வையிட வந்த குழுவில் என் நெறியாளரும் இன்னொரு பேராசிரியரும் இருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தாவரவியல் அறிஞர் ஒருவரும் இருந்தார். அறுபதைக் கடந்த அம்மையார். எங்களைக் கூட்டி வந்தவர் அந்தப் பகுதியின் வனச்சரகர்.

பேராசிரியர் தண்ணீர் பாட்டிலைப் பாறைமேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, இதுல முட்டை பொரிக்கலாம். நீ என்னடான்னா செடி இருக்குன்னு எழுதியிருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். என் கையில் இருந்த வரைபடத்தில் அந்த இடத்துக்கு மட்டும் நான் ஊதா நிறம் கொடுத்திருந்தேன். அதற்கு முன்பு வந்த எல்லா வரைபடங்களிலும் அது வெள்ளையாகத்தான் விடப்பட்டிருந்தது. 'வெறும் பாறை' என்று ஓரத்தில் குறிப்பு இருக்கும்.

நான் சேலத்தில் ஒரு தனியார் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக் கொடுக்கிறேன். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருந்தேன். எடுத்துக்கொண்ட வேலை, சேலத்துக்கும் இராசிபுரத்துக்கும் இடையில் இருக்கும் மலைகளில் ஒன்றை முழுவதும் நடந்து, எந்த இடத்தில் எந்தச் செடிகள் சேர்ந்து வாழ்கின்றன என்று வகைப்படுத்துவது. மலையின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு கிளம்பி வந்துவிடுவார்கள். அந்தப் பாறைச் செடிகளால் ஒரு செருப்பைக்கூடத் தாங்க முடியாது.

வேலை கேட்பதற்குச் சுலபம். ஓர் இடத்தில் சதுரமாகக் கயிறு கட்ட வேண்டும். உள்ளே இருக்கும் செடிகளையெல்லாம் பார்த்து, எது எவ்வளவு இடத்தை மூடியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். மண் எவ்வளவு ஆழம், சரிவு எந்தப் பக்கம், ஈரம் எப்படி என்பதும் வேண்டும். மலை நெடுக இப்படிச் சதுரம் போட்டு முடித்த பிறகு, ஒன்றையொன்று ஒத்த சதுரங்களைச் சேர்த்துக்கொண்டே போனால், மலை தானாகக் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து நிற்கும். அடிவாரத்தில் வெள்வேலும் கள்ளியும் ஒரு கூட்டம். அதற்கு மேலே வெப்பாலையும் வெக்காலியும் ஒரு கூட்டம். வடக்குப் பக்கத்து ஓடைகளில் நாவல், காட்டுமா என்று நிழல் விரும்பும் மரங்கள் ஒரு கூட்டம். இதை எழுத எனக்கு ஒரு பத்தி போதும். நடக்கும்போது பல வருடம் ஆனது. பாதத்தில் இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்து முள் எடுத்தார்கள்.

பாறையை நான் தேடிப் போகவில்லை. அதற்கு முந்தைய மழைக்காலத்தில் உச்சிக் காட்டில் சதுரம் போட்டுவிட்டு, புளிச்சோறு சாப்பிடப் பாறை ஓரத்தில் உட்கார்ந்தேன். கையை ஊன்றிய இடம் பிசுபிசுவென்று ஒட்டியது. குனிந்து பார்த்தால் காசு அளவில் சிவப்பாக ஒரு செடி. இலை முழுக்கப் பனித்துளி மாதிரி பசை. ஒரு துளியில் எறும்பு ஒன்று மாட்டிக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தது. அழுகண்ணி! பூச்சி தின்னும் அந்தச் செடியை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறேனே ஒழிய, உயிரோடு பார்த்ததில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தை மூடிவிட்டு அன்று மாலைவரை அந்தப் பாறையில் முட்டிபோட்டே திரிந்தேன்.

அந்த மழைக்காலம் முழுவதும் விடுமுறை கிடைத்த நாளெல்லாம் பாறைக்குப் போய்ச் சதுரம் போட்டேன். எல்லாவற்றையும் கணினியில் ஏற்றியபோது பாறைச் சதுரங்கள் காட்டுச் சதுரங்களோடு சேரவே மறுத்தன. தனியாக ஒரு கிளை பிரிந்து, அதற்குள்ளேயே மூன்றாகப் பிரிந்து நின்றன. கல்லில் படிந்த மெல்லிய மண்ணில் ஒன்று, வெடிப்புகளில் ஒன்று, தண்ணீர் தேங்கும் குழிகளில் ஒன்று.

என் நெறியாளர் கவனமான மனிதர். மாணவர் அவசரப்பட்டு ஏதாவது எழுதிப் பின்னால் அவமானப்படக் கூடாது என்று நினைப்பவர். அன்று பாறையின் மேல் நின்று அதைத்தான் சொன்னார்.

"ஒரே ஒரு சீசன் டேட்டா. மழை பேஞ்சா எங்கேயும்தான் புல்லு முளைக்கும். மத்த பகுதியெல்லாம் அருமையா வந்திருக்கு. இதை எடுத்துடும்மா. தேர்வுல இதையே பிடிச்சுக்குவாங்க."

வனச்சரகருக்கு இந்தப் பேச்சில் அவ்வளவு அக்கறை இல்லை. அவர் பாறை பள்ளத்தில் இறங்கும் விளிம்பைக் காட்டி, "இங்கேதான் மேடம் காட்சி மேடை வரப்போகுது. இராசிபுரம் டவுன் மொத்தமும் தெரியும். மரம் ஒண்ணுகூட வெட்ட வேண்டியதில்லை, அதனாலதான் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தோம்" என்றார். தீபாவளி முடிந்ததும் வேலை தொடங்குமாம்.

அதுவரை என் கவலை ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் போகிறதே என்பதுதான். இப்போது பாறையின் மேலேயே சிமெண்டு வரப்போகிறது.

"அம்மா, மழை பெய்ஞ்சதும் ஒரு தடவை வந்து பாருங்க" என்று அறிஞர் அம்மையாரிடம் கேட்டேன். குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது.

அவர் குடையை மடக்கி ஊன்றி என்னைப் பார்த்தார். "பார்க்காம இருக்குன்னு சொல்ல மாட்டேன். பார்க்காம இல்லைன்னும் சொல்ல மாட்டேன். மழைக்கு அப்புறம் கூப்பிடு."

அவ்வளவுதான். ஆனால் அந்தக் குழுவில் அன்று எனக்குக் கிடைத்த ஒரே கதவு அது.

பிறகு மழைக்குக் காத்திருந்தேன். சேலம் அஸ்தம்பட்டியில் நாங்கள் குடியிருப்பது மாடி வீடு. துணி காயப்போட மேலே போனால் ஏற்காடு மலை முழுதாகத் தெரியும். புரட்டாசி முழுவதும் மேகங்கள் எங்கள் தலைக்கு மேலாகவே போய் அங்கே இறங்கின. கல்லூரியில் யாராவது "ஏற்காட்ல செம மழை" என்று சொன்னால் எனக்கு எரிச்சலாக வரும். தெற்கே என் மலையின் பக்கம் வானம் துடைத்து வைத்தது மாதிரி இருந்தது.

என் கணவர் திருச்செங்கோட்டுக்காரர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் மேலாளராக இருக்கிறார். வருடத்தில் பாதி நாள் வடமாநிலங்களில்தான். மழைக்காலத்தில் அங்கே வேலை குறைந்ததும் வண்டி ஊர் திரும்பும்; அவரும் வருவார். அந்த வருடம் வந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன புள்ள, ஊட்ல எழவு உழுந்த மாதிரி உக்காந்திருக்கற?" என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொழில் பாறையைத் துளைப்பது. பாறையில் செடி என்றால் அவருக்கு ஒன்றும் பெரிதாகப் படாது என்றுதான் நினைத்தேன்.

அவரோ, "செரி, மழ வந்தா வருது. அது வரைக்கும் நாம தயாரா இருக்கோணுமில்ல?" என்றார். மறுநாளே பிளாஸ்டிக் குழாய்களை அறுத்து ஒட்டி, மடக்கி முதுகில் மாட்டுகிற மாதிரி சதுரச் சட்டங்கள் செய்து கொடுத்தார். அதற்கு முன் பாறையில் ஆணி அடிக்க முடியாமல், கயிற்று முனைகளில் கல் வைத்துத் தவித்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளி வறட்சியாகவே போனது. மலையடிவாரத்தில் மேடைக்கான கம்பிகளும் மணலும் வந்து இறங்கிவிட்டன என்று தெரிந்தது. அதற்கு அடுத்த வாரம் வங்கக் கடலில் காற்றழுத்தம் என்றார்கள். நான் நம்பவில்லை. ஆனால் அன்று பிற்பகல் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே இருட்டிக்கொண்டு வந்து கொட்டியது. மறுநாளும் கொட்டியது. அயோத்தியாப்பட்டணம் பக்கம் சாலையில் தண்ணீர் ஓடியதாகச் செய்தி. பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை. ஊரே மழையைத் திட்டிக்கொண்டிருந்தபோது நான் பால்கனியில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தேன்.

முளைத்து வர நாள் வேண்டுமே என்று பொறுத்திருந்து, அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். ஒரு நாள்தான் ஒதுக்க முடியும் என்றார். சேலம் வந்து ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு விடுதியில் தங்கினார். காலையில் ரிக் முதலாளியின் ஜீப்பை என் கணவர் கேட்டு வாங்கி வந்தார். அடிவாரத்தில் வனச்சரகர் சேர்ந்துகொண்டார். வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார், வேலை தொடங்கும் அவசரம் அவருக்கு.

ஏறும் வழியிலேயே அம்மையார் பரீட்சையை ஆரம்பித்துவிட்டார். களையாகப் படர்ந்த உண்ணிச்செடிப் புதர் முடியும் இடத்தில் நின்று, "இங்கே ஏன் கோடு போட்டே?" என்றார். கள்ளியும் வெள்வேலும் அதற்கு மேல் குறைந்துபோவதையும் மண் கறுப்பாவதையும் காட்டினேன். இன்னும் மேலே போய், "இந்த மூங்கில் ரெண்டு பக்கமும் இருக்கே, இதை எதுல சேர்ப்பே?" என்றார். மூங்கிலை வைத்து முடிவு செய்யவில்லை, அதன் அடியில் என்ன முளைக்கிறது என்று பார்த்தே பிரித்தேன் என்றேன். "ம்" என்றார். அந்த ஒற்றை எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஏற்றத்தை ஏறினேன்.

ஓடை பெருகி ஓடியது. இடுப்பளவு இல்லை, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் வேகம்.

"திரும்பிடலாம் மேடம், ரிஸ்க் வேண்டாம்" என்றார் வனச்சரகர்.

என் கணவர் அதற்குள் அக்கரை போய் ஒரு நாவல் மரத்தில் கயிற்றைக் கட்டிவிட்டார். "ஏனுங்கம்மா, கயித்தப் புடிச்சுட்டு மெதுவா வாங்க. கல்லு வழுக்குமுங்க. நானு முன்னால நிக்கறனுங்க."

அம்மையார் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். புடவையைத் தூக்கிச் செருகினார். "நான் இதைவிட மோசமான ஓடையெல்லாம் தாண்டியிருக்கேம்ப்பா" என்று சொல்லி இறங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால், வேறு வழியில்லாமல், வனச்சரகர்.

மரங்கள் முடிந்தன. பாறை தெரிந்தது.

எப்படிச் சொல்வது? நான் போன வருடம் பார்த்ததைவிட அதிகமாக வந்திருந்தது. கறுப்புக் கல்லின் மேல் அங்கங்கே சிவப்புத் திட்டுகள்; கிட்டத்தில் போனால் ஒவ்வொன்றும் அழுகண்ணிக் கூட்டம், ஆயிரக்கணக்கான துளிகள் வெயிலில் மின்ன. அவற்றுக்கு நடுவே கடுகளவில் ஊதாப் பூக்கள். வெள்ளைப் பொத்தானைக் குச்சியில் குத்தி வைத்ததுபோல ஒரு செடி, பாறை நெடுக. கோடையில் சுருண்டு சருகாகக் கிடந்த மயில்சிகைப் பெரணி வெடிப்புகளில் விசிறி விசிறியாக நிமிர்ந்திருந்தது. தண்ணீர் மேலிருந்து மெல்லிய தகடாக வழிந்து வந்துகொண்டிருந்தது.

அம்மையார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு திட்டாகக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு எழுந்து என்னிடம், "அழகா இருக்கு. அழகு எனக்குப் போதாது. ஒழுங்கு இருக்கான்னு பார்க்கணும். நீ அந்தப் பக்கம் திரும்பி நில்லு" என்றார்.

புரியாமல் திரும்பி நின்றேன்.

"நான் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கிறேன். செடியைச் சொல்ல மாட்டேன், இடத்தைத்தான் சொல்வேன். அங்கே என்ன இருக்கும்னு நீ சொல்லணும். உன் பிரிவு உண்மைன்னா உன்னால சொல்ல முடியும்."

என் முன்னால் மரங்கள். முதுகுக்குப் பின்னால் பாறை.

"சரிவு லேசா இருக்கு. மண் ஒரு விரல் ஆழம். தண்ணி வழியுது, தேங்கலை."

"அழுகண்ணி. ஊதாப்பூ. வெள்ளைப் பொத்தான். ஓரத்துல குட்டையா ஒரு கோரை."

என் கணவர் சட்டத்தை வைக்கும் சத்தம் கேட்டது. அம்மையார் ஒவ்வொன்றாகத் தாவரவியல் பெயரில் படித்தார். நான்கும் இருந்தன.

"அடுத்தது. வெடிப்பு. கை நுழையும். உள்ளே மண் ஆழமா இருக்கு."

"மயில்சிகை. கல்முளையான். மேலே ஒரு முரட்டுப் புல். அழுகண்ணி இருக்காது."

கல்முளையான் என்றால் இலையில்லாமல் நாலு பட்டையாக நிமிரும் சதைப்பற்றான தண்டு. எங்கள் பக்கம் பறித்துத் தின்பார்கள். மறுபடியும் சட்டம் வைக்கும் சத்தம். பிறகு என் கணவரின் குரல்: "ஆமாங்கம்மா, அழுகண்ணி ஒண்ணுகூடக் காணமுங்க!" அவருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

குழி கேட்டார், சொன்னேன், சரியாக இருந்தது. இடத்தை மாற்றி மாற்றி, பாறையின் மறுகோடிவரை போய்க் கத்திக் கேட்டார். நான் மரங்களைப் பார்த்துக்கொண்டே கத்திப் பதில் சொன்னேன். ஒவ்வொன்றும் சரியாக வர வர என் குரல் ஏறிக்கொண்டே போனதாகப் பிறகு என் கணவர் சொன்னார்.

கடைசியாக வடக்கு ஓரத்திலிருந்து குரல் வந்தது. "பாறை மேலே கவிஞ்சிருக்கு. நிழல். தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கு. மண் மெல்லிசு."

"அழுகண்ணி, ஊதாப்பூ..."

"இல்லை."

அனுமதி கேட்காமலே திரும்பி ஓடினேன். கவிந்த பாறைக்கு அடியில், தண்ணீர் சொட்டும் சுவரில், பச்சை மெத்தையாகப் பாசி. அதிலிருந்து இளஞ்சிவப்பில் காட்டுக் காசித்தும்பை கொத்துக் கொத்தாகப் பூத்திருந்தது. கூடவே சுவரோடு ஒட்டிய ஈரல் வடிவ இலைகள். நான் போட்ட மூன்று பிரிவில் எதற்குள்ளும் அது அடங்காது. போன வருடம் அந்த ஓரத்துக்கு நான் வரவே இல்லை.

அம்மையார் சிரித்துக்கொண்டிருந்தார். அன்று முதல்முறையாக.

"மூணுன்னு எழுதியிருந்தே. பொண்ணே, இது நாலு! சட்டத்தை எடு. நமக்கு வெளிச்சம் இருக்கிற வரைக்கும் போடுவோம்."

போட்டோம். சுவர் நெடுக, கவிந்த பாறைகளுக்கு அடியில் எல்லாம். ஒவ்வொரு சதுரத்திலும் அதே கூட்டம். அவர் படிக்க நான் எழுத, என் கணவர் சட்டத்தைச் சுவரில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நனைந்தார். இடையில் நிமிர்ந்து பார்த்தபோது வனச்சரகர் பாறையின் நடுவே ஒற்றைக் காலில் நின்றிருந்தார். மற்றக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

"மேடம்," என்றார், "நான் எங்கே மிதிக்கட்டும்? எங்கே வெச்சாலும் ஏதோ ஒண்ணு பூத்திருக்கு."

"கல்லு கறுப்பாத் தெரியற எடத்துல வையுங்க சார்" என்றேன்.

அவர் அப்படியே ஒவ்வோர் அடியாகப் பார்த்துப் பார்த்து வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார். என் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினார். திருப்பித் தரவே இல்லை, இறங்கும்வரை.

ஆய்வேட்டில் பாறை அத்தியாயம்தான் மிக நீளமாக வந்தது. வாய்மொழித் தேர்வு அன்று அரங்கு நிறைந்திருந்தது. என் ஊர் ஆத்தூர் பக்கத்திலிருந்து அப்பா, அம்மா, திருச்செங்கோட்டிலிருந்து மாமியார், எல்லோரும் கடைசி வரிசையில். பாறைக்குள் நான்கு கூட்டங்களும் ஊதாவின் நான்கு சாயல்களில் திரையில் விரிந்தபோது, அந்தப் பாறையில் முட்டை பொரிக்கலாம் என்று சொன்ன அதே பேராசிரியர் கை தூக்கினார். கேள்வி வரும் என்று நிமிர்ந்தேன். "கேள்வி இல்லை. என்னை ஒரு தடவை மழைக்காலத்துல கூட்டிட்டுப் போகணும்" என்றார்.

என் நெறியாளர் எழுந்தார். "இந்த அத்தியாயத்தை எடுத்துடச் சொன்னவன் நான்தான். அவங்க என் பேச்சைக் கேட்கலை. நல்லவேளை" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். கைதட்டல் ஓய்ந்த பிறகும் மாமியார் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் என் தாடையைப் பிடித்து, "என்ற சாமி, ஒண்ணும் புரியலீன்னாலும் நீ செயிச்சது தெரிஞ்சுது போ" என்றார்.

மேடை விஷயம் மட்டும், வேலை தொடங்காமலே, தொங்கலில் இருந்தது. அம்மையார் வனத்துறைக்கு விரிவாக எழுதியிருந்தார். வனச்சரகரும் தன் பங்குக்கு எழுதியதாகக் கேள்விப்பட்டேன். பதில் வரவில்லை. கம்பிகள் அடிவாரத்தில் துருப்பிடித்துக் கிடந்தன.

ஒருநாள் முதலாண்டு மாணவிகளுக்கு வேரின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. வகுப்பில் எடுப்பதில்லை, வனச்சரகர் பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டேன்.

"மேடம், ஆர்டர் வந்துடுச்சு. மேடையைக் கீழே உண்ணிப் புதர் மேட்டுக்கு மாத்தியாச்சு. பாறைக்கு வேலி கிடையாது, பாதையும் கிடையாது. அப்படியே விடச் சொல்லிட்டாங்க. உங்க மேப்பையும் சேர்த்து வெச்சிருக்காங்க மேடம், அந்த ஆர்டர்லயே!"

கைப்பேசியை மேசையில் வைத்தேன். மாணவிகள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கண்கள் நிறைந்திருப்பதைப் பார்த்து முதல் வரிசைப் பெண் பயந்துபோய், "மேடம், எதாவது கெட்ட சேதிங்களா?" என்றாள்.

"இல்லம்மா. நாம ஜெயிச்சுட்டோம்" என்றேன்.

யார் ஜெயித்தது, எதில் ஜெயித்தது என்று ஒருத்திக்கும் தெரியாது. ஆனாலும் பின்வரிசையில் யாரோ தட்டத் தொடங்க, வகுப்பு முழுவதும் எழுந்து கைதட்டியது. பக்கத்து வகுப்பு ஆசிரியை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். நான் சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். அது அடங்குவதாக இல்லை. அடங்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.